உயிர்த்தலைச் சோதனை

எங்கள் நிலையத்தில் அடிப்பதுதான் தொழில். காலையில் உள்ளே நுழைந்தால் மாலை மணி ஒலிக்கும்வரை அடிதான். வண்டி ஓட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் தலைக்கவசம் எதுவானாலும், கடைக்குப் போகுமுன் எங்களிடம் வந்து உதை வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். மரத்தலையில் கவசத்தை மாட்டி, வாரை இழுத்துக் கட்டி, சம்மட்டியால் ஓங்கி ஒரு போடு. உடையாவிட்டால் முத்திரை, உடைந்தால் குப்பை. வாரைக் கட்டுவதும் அடி விழுந்தபின் கழற்றுவதும் என் வேலை. வருஷக்கணக்காக அடிபடுகிற தலைக்குப் பக்கத்திலேயே நின்றதில் எனக்கு இடது காது மந்தம். மேலதிகாரிகள் பேச வந்தால் நான் இடது பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றுவிடுவேன், நிம்மதியாக இருக்கும்.

இதற்கெல்லாம் இயந்திரம் கிடையாதா என்று கேட்பீர்கள். இருக்கிறது. கூடத்தின் மூலையில் துணி போட்டு மூடி வைத்திருக்கிறோம். மனிதக் கைக்கு ஈடு இணை இல்லை என்பது இயக்குநரின் கொள்கை. இயந்திரம் வாங்கிய அன்றே பழுது என்பது எங்களுக்குத் தெரிந்த செய்தி.

அடிக்கிறவர்களில் சம்மட்டி அக்காவை மிஞ்ச ஆள் கிடையாது. என்னைவிட வயதில் சின்னவள்தான். ஆனால் அந்தக் கையைப் பார்த்தால் யாருக்கும் அக்கா என்றுதான் வாய் வரும். அவள் அடித்து ஒரு கவசம் தப்பித்தது என்றால் அதை மாட்டிக்கொண்டு மலையிலிருந்து குதிக்கலாம். வயிற்றில் பிள்ளை வந்தபிறகும் நிறுத்தவில்லை. வயிறு முன்னால் வர வர, மரத்தலையை இன்னும் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லுவாள், அவ்வளவுதான். பிறகு பேறுகால விடுப்பில் போனாள். பெண் பிறந்தது.

விடுப்புக்குச் சம்பளம் உண்டு என்று எங்கள் விதியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், அந்தச் சம்பளம் திரும்பி வந்து, கை இளகவில்லை என்று நிரூபித்தபின் வழங்கப்படும் என்று இருக்கிறது. பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் கை இளகிவிடுமாம். அதற்கு 'தாய்மை இளக்கம்' என்று பெயர். பெயரை வைத்தவர் எங்கள் மன ஆலோசகர்.

"தாய்மைங்கறது மெல்லிய உணர்வு. அது தோள்ல ஆரம்பிச்சு முழங்கைக்கு இறங்கி, கடைசில மணிக்கட்டுல வந்து உக்காந்துக்கும். அப்புறம் அடி விழாது, தடவல்தான் விழும்" என்று ஒரு கூட்டத்தில் அவர் விளக்கியபோது, எல்லாரும் அவரவர் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டோம்.

இளகிப்போன கைகளுக்காகவே நிலையத்தில் தடவல் பிரிவு இருக்கிறது. முத்திரை விழுந்த கவசங்களை மெல்லிய துணியால் துடைத்துப் பளபளப்பாக்குகிற இடம். சம்பளம் பாதி. இதுவரை பிள்ளை பெற்றுத் திரும்பிய அத்தனை பேரையும் அங்கேதான் அனுப்பினார்கள்; கட்டுப்படியாகாமல் வேலையை விட்டவர்கள் போக, மற்றவர்கள் இன்னும் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அதனால் நிலையத்தின் கண்ணுக்கு நான் சேதமில்லாத சரக்கு.

அக்கா திரும்பி வந்த அன்று அவள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். புருஷன் தையற்காரர். பிரசவச் செலவுக்குத் தையல் மெஷினை அடகு வைத்துவிட்டு, கைத்தையலில் பொத்தான் கட்டிக்கொண்டிருந்தார். விடுப்புச் சம்பளம் வந்தால் மெஷின் திரும்பும். பாதிச் சம்பளத்துக்கு அக்கா துடைக்கப் போனால், வாடகை பாக்கிக்காக வீட்டுச் சொந்தக்காரன் சாமானை வெளியே தூக்கிப் போடுவான். சொல்லப்போனால் அந்த மூன்று உயிரும் அவள் வலது கையில்தான் தொங்கிக்கொண்டிருந்தன.

சோதனைக் குழுவில் மூன்று பேர். இயக்குநர், பணியாளர் அலுவலர், மன ஆலோசகர். மூவரும் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். நான் வாரைக் கட்டினேன். அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, சம்மட்டியைத் தூக்கி ஒரே போடு. கவசம் நாலாகப் பிளந்து ஒரு துண்டு பறந்து ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே போனது. மரத்தலையின் மூக்கு விழுந்துவிட்டது.

எனக்கு உள்ளம் குளிர்ந்துபோனது. இனி என்ன சொல்வார்கள், பார்ப்போம் என்று நின்றேன்.

மன ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆத்திரம்" என்றார்.

"என்னங்க?" என்றாள் அக்கா.

"பிள்ளை பெத்த பிறகு வர்ற ஆத்திரம். இது கையோட பலம் இல்லம்மா, மனசோட கொதிப்பு. இளக்கத்தோட இன்னொரு முகம்தான் இது."

"நான் முன்னாடியும் இப்படித்தாங்க அடிப்பேன்."

"முன்னாடி அடிச்சது திறமை. இப்ப அடிக்கறது ஆத்திரம்" என்றார் பணியாளர் அலுவலர், குழந்தைக்குச் சொல்வது போல.

மறுநாள் அக்கா நிதானமாக, அளந்து அடித்தாள். கவசம் விதிப்படி எவ்வளவு விரிசல் விட வேண்டுமோ அவ்வளவே விட்டது. குழு மூன்று தலைகளையும் ஒன்றாகச் சேர்த்துக் குசுகுசுத்தது.

"இரக்கம்" என்றார் ஆலோசகர்.

அடப் பாவிகளா! ஓங்கி அடித்தால் ஆத்திரம், அளந்து அடித்தால் இரக்கம். அன்றைக்கு என் வலது காதும் மந்தமாக இருந்திருக்கக்கூடாதா என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது சோதனைக்குப் புதிய ஏற்பாடு. மரத்தலைக்குப் பதிலாக ஒரு பொம்மைத் தலை. அதற்குக் குழந்தைக் குல்லா, கன்னத்தில் சிவப்புச் சாயம். அடிக்கும்போது குழந்தை அழுகிற சத்தம் கேட்க வேண்டுமாம். ஒலிப்பதிவுக் கருவியைப் பொத்திப் பொத்திக் கொண்டுவந்தார்கள், அது வேலை செய்யவில்லை. எங்கள் நிலையத்தில் எந்தக் கருவி வேலை செய்தது, இது செய்ய?

"அழுகை இல்லாம சோதனை செல்லாது" என்றார் ஆலோசகர்.

இயக்குநர் பணியாளர் அலுவலரைப் பார்த்தார். அவர் எழுந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைச் செருமினார். பிறகு பதவிக்குரிய கண்ணியத்தோடு, "ஙா... ஙா..." என்று அழ ஆரம்பித்தார்.

"இன்னும் கொஞ்சம் பசியோட" என்றார் ஆலோசகர்.

"ஙாஆஆ... ஙாஆஆ..."

பொம்மைத் தலையில் நான் வாரைக் கட்டும்போது என் கை நடுங்கியது. சிரிப்பை அடக்கியதால் வந்த நடுக்கம். அக்கா சிரிக்கவில்லை. வராந்தாவில் புருஷன் மடியில் இருந்த நிஜக் குழந்தை, உள்ளே அலுவலர் போட்ட கூச்சலில் விழித்துக்கொண்டு வீறிட்டது. இது வேறு அழுகை. அக்காவின் முகம் அப்படியே மாறிப்போனது. ரவிக்கை நனைந்து, பால் சேலைவரை இறங்கியது.

"நேரமாகுதுங்க, பிள்ளைக்குப் பசி. அஞ்சு நிமிஷம் விடுங்க, கொடுத்துட்டு வந்து அடிக்கறேன்" என்றாள்.

"பணியிடத்துல ஈரம்" என்றார் பணியாளர் அலுவலர், அழுகையை நிறுத்திவிட்டு. "கைப்பிடி வழுக்கும். பாதுகாப்பு விதி மீறல். நீங்க அடிச்சுட்டே போங்கம்மா, நான் தொடர்ந்து அழறேன்."

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள். பொம்மைத் தலை கழுத்தோடு பிய்ந்து, கூடத்தைத் தாண்டி, மூடிவைத்த இயந்திரத்தின் மேல் மோதி, குல்லா தனியாக, கன்னம் தனியாக விழுந்தது. பஞ்சு பறந்தது. அலுவலரின் அழுகை பாதியில் நின்றது, வாய் மட்டும் மூட மறந்துபோயிற்று.

ஆலோசகர் வெகுநேரம் யோசித்தார். "குழந்தை முகத்தப் பாத்தும் அடிச்சிருக்காங்க. இவங்கள வீட்டுல குழந்தையோட தனியா விடலாமான்னு யோசிக்கணும்" என்றார்.

அக்கா சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு வராந்தாவுக்கு ஓடினாள். சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"என்னடி இது, நான் என்னதான் பண்ணணும்? அடிச்சாலும் குத்தம், அடிக்காட்டியும் குத்தம். இவங்களுக்கு என்னை வேணாம்னா வேணாம்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

"அப்படிச் சொன்னா விடுப்புச் சம்பளம் கொடுக்கணும்க்கா. நீயா போனா கொடுக்க வேண்டாம்."

தையற்காரர் பேச்சுக் குறைந்த மனிதர். சட்டைப் பையில் ஊசியைக் குத்தி வைத்திருந்தார். "போயிடலாமா?" என்று மெல்லக் கேட்டார்.

"மாட்டேன்" என்றாள் அக்கா. மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த வாரம்தான் தாய்மை வாரம். நிலையத்தில் வருஷா வருஷம் நடக்கும். வாசலில் பலூன் கட்டுவார்கள். தடவல் பிரிவுப் பெண்களைக் கூடத்துக்கு அழைத்து ஆளுக்கு ஒரு பூவும், துடைக்கிற துணியில் புதிதாக ஒன்றும் கொடுப்பார்கள். நிலையத்தின் பத்திரிகைக்காகப் படம் எடுப்பவர் வருவார். அக்காவின் கடைசிச் சோதனையை அந்த மேடையிலேயே வைத்துவிடலாம் என்று இயக்குநர் முடிவெடுத்தார். தாய்மைக்கு இதைவிட மரியாதை உண்டா?

இயக்குநர் பேசினார். "தாய்மை என்பது இயற்கை கொடுக்கற பதவி உயர்வு. இயற்கையே ஒரு உயர்வு கொடுத்த பிறகு, நாங்களும் ஒண்ணு கொடுத்தா அது மத்தவங்களுக்குச் செய்யற அநியாயம் இல்லையா? நான் பெருமையா சொல்றேன். இந்த நிலையம் இதுவரைக்கும் ஒரு தாயைக்கூட வேலைய விட்டு அனுப்பினது கிடையாது. போனவங்க எல்லாரும் தானாத்தான் போயிருக்காங்க. அழுதுட்டேதான் போயிருக்காங்க. அவ்வளவு பாசம் இந்த நிலையத்து மேல!"

கைதட்டச் சொன்னார்கள், தட்டினோம்.

"நம்ம முத்திரை மேல எனக்கு இருக்கற நம்பிக்கை என் உயிர் மேலகூட இல்ல" என்று சொல்லி முடித்துவிட்டு உட்கார்ந்தார்.

பிறகு பணியாளர் அலுவலர் விதியைப் படித்தார். இதன் பெயர் உயிர்த்தலைச் சோதனை. முத்திரை பெற்ற கவசம் ஒன்றை உயிருள்ள ஒரு மனிதர் அணிந்து உட்கார வேண்டும். அடிப்பவர் தயங்காமல் முழு பலத்தோடு அடிக்க வேண்டும். தயங்கினால் இளக்கம். இப்படி ஒரு விதி இருந்தது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். படித்தவருக்கும் அன்றைக்குத்தான் தெரியும் என்று நினைக்கிறேன்.

"குடும்ப ஒத்துழைப்பு இருந்தா நல்லது" என்று தையற்காரரைக் கையைப் பிடித்து மேடையில் உட்கார வைத்தார்கள். அவர் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். வேறொருத்தி அவருக்குக் கவசம் மாட்டி வாரைக் கட்டினாள். மெலிந்த கழுத்து, அதன்மேல் அந்தப் பெரிய கவசம் ஆடியது.

"அடி, பரவால்ல. மெஷின் வந்தா போதும்" என்றார் அவர் உள்ளேயிருந்து.

அக்கா சம்மட்டியைத் தூக்கினாள். தலைக்கு மேலே கொண்டுபோனாள். படம் எடுப்பவர் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து தயாரானார். தையற்காரர் கண்ணை மூடிக்கொண்டார், கைகள் மட்டும் தொடையில் தையல் போடுவதுபோல அசைந்துகொண்டிருந்தன. அக்கா சம்மட்டியை இறக்கினாள்.

"முடியாதுங்க."

"இளக்கம்!" என்று துள்ளி எழுந்தார் ஆலோசகர். அந்த ஆள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. "எல்லாரும் பாத்துக்குங்க, இதுதான் இளக்கம்!"

"இல்லைங்க" என்றாள் அக்கா. "என் புருஷன அடிக்க எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே வராது. இதுக்கும் பிள்ளை பெத்ததுக்கும் சம்பந்தமே இல்ல. உறவில்லாத தலையா ஒண்ணு உக்காரச் சொல்லுங்க. அப்புறம் பாருங்க என் கைய."

கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. தடவல் பிரிவிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. "சரியாத்தான கேக்கறா? யாராவது போய் உக்காருங்களேன்!"

அக்கா பணியாளர் அலுவலரைப் பார்த்தாள். அவர் பின்னால் நகர்ந்தார். "எனக்கு வீட்டுல சின்னக் குழந்தை இருக்கும்மா. குழந்தை இருக்கறவங்கள இப்படி எல்லாம் கஷ்டப்படுத்தக்கூடாது."

ஆலோசகரைப் பார்த்தாள். "நான் ஒப்பந்த ஊழியர்ங்க. எனக்குக் காப்பீடு கிடையாது. தவிர, நான் மனசு பாக்கறவன். தலை என் துறை இல்ல."

அப்போது படம் எடுப்பவர் வாயைத் திறந்தார். அந்த ஆளுக்கு நல்ல படம் வேண்டும், அவ்வளவுதான். "இயக்குநர் ஐயா உக்காந்தா அட்டைப்படமே போட்டுடலாம். ஐயாதான் இப்ப முத்திரை மேல நம்பிக்கைன்னு பேசினீங்க."

எல்லாரும் கைதட்டினோம். இந்தத் தடவை யாரும் தட்டச் சொல்லவில்லை. தட்டலின் நடுவே இயக்குநர் எழுந்ததை நாங்கள் பார்த்தோம். எழுந்தவர் உட்கார வேறு இடம் இல்லாமல் மேடை நாற்காலிக்குப் போய்விட்டார். என்னைக் கூப்பிட்டார்கள். கவசத்தைக் கழற்றிவிட்டு இறங்கிய தையற்காரரிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போய், இயக்குநருக்கு அதே கவசத்தை மாட்டி, தாடைக்குக் கீழே வாரைக் கட்டினேன். கழுத்தெல்லாம் வியர்வை.

அவர் தலையை என் வலது பக்கம் திருப்பி, "கொஞ்சம் லூசா கட்டும்மா" என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, உதடு அசையாமல், "பாத்து... மெதுவா" என்றார். அக்கா கூடம் முழுக்கக் கேட்கிற குரலில் பதில் சொன்னாள்.

"மெதுவா அடிச்சா இளக்கம்னு எழுதிடுவீங்களே சார்."

"நான் எழுத மாட்டேன்."

"விதிப்படி நாங்க எழுதியாகணுமே சார்" என்றார் பணியாளர் அலுவலர் தொலைவிலிருந்து. இயக்குநருக்கு ஏதாவது ஆனால் அடுத்த நாற்காலி அவருக்குத்தான். "முழு பலத்தோடம்மா. தயங்காதீங்க. விதியில தெளிவா இருக்கு!"

அக்கா ஒரு காலை முன்னால் வைத்தாள். முகத்தில் ஆத்திரமும் இல்லை, இரக்கமும் இல்லை, வேலை செய்கிற முகம்தான். சம்மட்டி மேலே போனது, வந்தது.

அந்தச் சத்தத்தை நான் இத்தனை வருஷத்தில் கேட்டதே இல்லை. மரத்தலையில் விழுகிற சத்தம் வேறு. கவசம் தேங்காய் மூடிபோல இரண்டாகத் திறந்துகொண்டது. நாற்காலி பின்னால் சாய்ந்து, இயக்குநர் மேடையிலிருந்து பலூன்களின் மேல் மல்லாந்து விழுந்தார். பலூன்கள் படபடவென்று வெடித்தன. நெற்றியிலிருந்து ரத்தம் காதுப்பக்கம் இறங்கியது. படம் எடுப்பவர் எடுத்துக்கொண்டே இருந்தார். முன்வரிசைப் பெண்கள் ஓடிப்போய், கையில் இருந்த புதுத் துடைதுணிகளை வைத்து ரத்தத்தை அழுத்திப் பிடித்தார்கள். அந்தக் கைகள் மட்டும் இல்லாவிட்டால் ஆள் போயிருப்பார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். பக்கத்தில் நின்றதால் எனக்குத் தெரியும். கடைசி நொடியில் அக்கா மணிக்கட்டைத் துளி திருப்பினாள். அடி உச்சந்தலையில் இறங்காமல் ஓரமாக வழுக்கிப் போனது. குழுவில் யாரும் அதைப் பார்க்கவில்லை, நானும் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. அக்கா பின்பக்கம் ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

குழுவின் அறிக்கை சீக்கிரமே வந்துவிட்டது. பொறுப்பு இயக்குநராகிவிட்ட பணியாளர் அலுவலர் கையெழுத்துப் போட்டிருந்தார். முத்திரை பெற்ற கவசத்தைத் தவறு என்று எழுத முடியாது, நிலையத்தின் மானம் போய்விடும். முழு பலத்தோடு அடிக்கச் சொன்னதே அவர்தான், ஆகவே கையையும் தவறு என்று எழுத முடியாது. கவசம் தேறியது, கை தேறியது, சோதனைக்கு உட்பட்ட தலை தரமற்றது என்று எழுதியிருந்தார்கள்.

ஆக, நிலையத்தின் சரித்திரத்தில் பிள்ளை பெற்றபின் தேறிய முதல் பெண் சம்மட்டி அக்கா. விடுப்புச் சம்பளம் வாங்கக் கணக்குப் பிரிவுக்கு அவளோடு நானும் போனேன். கணக்கர் நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாது. அதனாலேயே பதவி உயராமல் அங்கேயே கிடக்கிறார். நொந்துகொண்டே பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

"இயக்குநர் எப்படிங்க இருக்கார்?" என்று கேட்டாள் அக்கா. நிஜமாகவே கவலையோடுதான் கேட்டாள்.

"தையல் போட்டிருக்காங்க. ஒரு வருஷம் ஓய்வு. முழுச் சம்பளம்."

"அவரும் திரும்பி வந்து, தலை சரியா இருக்குன்னு காட்டினாத்தான கொடுப்பீங்க?"

"அதெல்லாம் இல்லம்மா, மொத்தமா அன்னைக்கே அனுப்பியாச்சு. அதிகாரிங்க மருத்துவ விடுப்புக்குன்னு தனியா ஒரு நிதி இருக்கு."

"அதுக்கு எங்க இருந்துங்க காசு?"

கணக்கர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் டிராயரைச் சாத்தினார். "உங்கள மாதிரி அம்மாங்களோட விடுப்புச் சம்பளம்தாம்மா. வருஷா வருஷம் அப்படியே மிஞ்சிடும். இதுவரைக்கும் யாரும் தேறினதில்லையே" என்றார். பிறகு பெருமூச்சு விட்டார். "நீங்கதான் திரும்பி வந்து தேறிட்டீங்க."

அக்கா பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள். நேராகக் கூடத்துக்குப் போய்ச் சம்மட்டியை எடுத்தாள். நான் வாரைக் கட்டிக்கொண்டே இருந்தேன், அவள் அடித்துக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு வந்த கவசங்களில் ஒன்றுகூடத் தேறவில்லை.